அளவு யார் கையில்?

(பசறையில் நடைபெற்ற தோட்டத் தலைவர், தலைவிமார் பயிற்சி வகுப்பில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாங்கள் கதைக்க வந்திருப்பது சம்பள உயர்வைப் பற்றி அல்ல. ஆனால் சம்பளத்தோடு ஒட்டிய விடயம்தான். எதை எந்த அளவால் அளப்பது, அந்த அளவை யார் தீர்மானிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. இது பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடமல்லவா, எங்களுக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். பென்சிலின் நீளத்தைச் சென்ரிமீற்றரிலும் பாதையின் தூரத்தைக் கிலோமீற்றரிலும் அளக்க வேண்டும் என்று பிள்ளை படிக்கிறது. நல்ல பாடம். அந்தப் பாடத்தைப் பெரியவர்களாகிய நாம் மடுவத்திலும் கடையிலும் காணியிலும் மறந்து நிற்பதால் எவ்வளவு இழக்கிறோம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நம்மிடம் அளவுகளுக்குப் பஞ்சமில்லை. பூச்சரத்துக்கு முழம் இருக்கிறது. குழி தோண்ட அடியும் சாணும் இருக்கின்றன. அரிசிக்குக் கொத்தும் சுண்டும் இருந்தன. பாணை இன்றைக்கும் றாத்தல் என்றுதான் கேட்டு வாங்குகிறோம். பாதையில் போனால் இன்னும் கட்டைக் கணக்குத்தான். 13ஆம் கட்டை என்றால் பசறைப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பாதையோரப் பலகை கிலோமீற்றர் சொல்கிறது. நம் வாய் மைல்கட்டையைச் சொல்கிறது. 13 மைல் என்றால் கிட்டத்தட்ட 21 கிலோமீற்றர். இதில் ஒரு தப்பும் இல்லை. வீட்டுக்குள்ளே, நமக்குள்ளே, எந்த அளவும் போதும். அம்மா கைப்பிடியால் அரிசி போட்டால் சோறு சரியாகத்தான் வரும். கை அவருடையது, பானையும் அவருடையது.

கொடுப்பவர் ஒருவராகவும் வாங்குபவர் வேறொருவராகவும் இருக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. கொடுப்பவருக்கு அளவு சிறிதாக இருந்தால் இலாபம். வாங்குபவருக்குப் பெரிதாக இருந்தால் இலாபம். அந்த இடத்தில் இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஓர் அளவு வேண்டும். கிலோவும் மீற்றரும் உலகத்தில் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரான்ஸ் நாட்டில் 1789இல் புரட்சி நடந்தது நமக்குத் தெரியும். புரட்சிக்கு முன்னால் அந்த நாட்டில் ஊருக்கு ஓர் அளவு, பண்ணைக்கு ஓர் அளவு என்று நூற்றுக்கணக்கில் இருந்தன. குடியானவர்கள் நிலப்பிரபுவுக்குத் தானியம் அளந்து கொடுக்க வேண்டும். அளக்கும் மரக்கால் நிலப்பிரபுவின் வீட்டில் இருந்தது. அது ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகிறது என்று குடியானவர்கள் முறைப்பாடு எழுதினார்கள். எங்களுக்கு நாடு முழுவதற்கும் ஒரே அளவு வேண்டும் என்று கேட்டார்கள். 1795இல் மெற்றிக் முறை அங்கே சட்டமானது. 1875 மே 20ஆம் திகதி பரிஸ் நகரில் 17 நாடுகள் கூடி மீற்றர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதனால்தான் மே 20 உலக அளவீட்டு தினமாகக் கொண்டாடப்படுகிறது. ஆகவே தோழர்களே, கிலோ என்பது வெறும் விஞ்ஞானிகள் கொடுத்த கொடை அல்ல. உழைத்த மக்கள் கேட்டு வாங்கிய உரிமையும் அதில் இருக்கிறது.

நம் நாட்டில் 1970களில் மெற்றிக் முறைக்கு மாறும் வேலை தொடங்கியது. இன்று நடைமுறையில் உள்ளது 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் சட்டம். அதே பெயரில் ஒரு திணைக்களமும் இருக்கிறது. வியாபாரத்துக்குப் பாவிக்கும் தராசையும் படியையும் சரிபார்த்து முத்திரை குத்துவது அந்தத் திணைக்களத்தின் வேலை.

மடுவத்தில் நடக்கும் கணக்கு

இனி நம் இடத்துக்கு வருவோம்.

ஒரு நாளில் மூன்று தடவை கொழுந்து நிறுக்கிறார்கள். காலையில் ஒன்று, பகலில் ஒன்று, அந்திக் கொழுந்து ஒன்று. ஒரு அக்கா காலையில் 7 கிலோ 800 கிராம் கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பகலில் 6 கிலோ 600. அந்தியில் 5 கிலோ 900. கூட்டிப் பாருங்கள். 20 கிலோ 300 கிராம்.

ஏட்டில் கிலோ மட்டும் எழுதினால் என்ன ஆகும்? காலையில் 7, பகலில் 6, அந்தியில் 5. மொத்தம் 18. அந்த அக்காவின் முதுகு சுமந்தது 20 கிலோ 300. ஏடு சுமந்தது 18. இடையில் 2 கிலோ 300 கிராம் காணாமல் போய்விட்டது. யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. தராசின் முள் சரியான இடத்தில்தான் நின்றது. அளவு பெரிதாக இருந்ததால் சின்னது விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த அக்காவின் தோட்டத்தில் நோம் 18 கிலோ என்றால் அவருக்கு அன்றைய பேர் உண்டு, ஆனால் மேலதிகக் கிலோ ஒன்றும் இல்லை. உண்மையில் 2 கிலோ 300 மேலதிகம். மேலதிகக் கிலோவுக்கு 50 ரூபா என்று வைத்தால் 115 ரூபா போய்விட்டது. நோம் 20 கிலோ என்றால் நிலைமை இன்னும் மோசம். அவர் நோமைத் தாண்டிக் கொய்தவர். ஏட்டுக் கணக்கில் நோமுக்கு 2 கிலோ குறைவு. முழுப்பேர் வர வேண்டியவருக்கு அரைப்பேர் விழுகிறது. ஒரு நாட் சம்பளத்தின் பாதி, கிராம் என்ற சின்ன அளவை எழுதாததால் போகிறது.

இது ஒரு நாள் கதை. ஒவ்வொரு நாளும் இவ்வளவு போகாது. ஒரு நேரம் 100 கிராம் விழும், ஒரு நேரம் 900 கிராம் விழும். சராசரியாக ஒரு நிறுவைக்கு அரைக் கிலோ என்று வைத்தால் நாளுக்கு ஒன்றரைக் கிலோ. மாதம் 25 நாள் வேலை என்றால் முப்பத்தேழரைக் கிலோ. ஒரு ஆளுக்கு இவ்வளவு. ஒரு பிரிவில் 60 பேர் கொழுந்து எடுத்தால் மாதம் 2,250 கிலோ. பச்சைக் கொழுந்து நாலரை முதல் ஐந்து கிலோ வரை சேர்ந்தால் ஒரு கிலோ தூள் ஆகும். அப்படியானால் 450 கிலோவுக்குக் குறையாத தேயிலைத் தூள், யாருடைய பேரிலும் எழுதப்படாத கொழுந்திலிருந்து வருகிறது. ஸ்டோரில் அந்தக் கொழுந்து வாடும், உருளும், அரியும், காயும், விற்கும். பேர் மட்டும் விழாது.

தாலிக்கொடியை அடகு வைக்கப் போனால் கடைக்காரர் எந்தத் தராசில் நிறுக்கிறார்? கிராமையும் அதற்குக் கீழே மில்லி கிராமையும் காட்டுகிற தராசில். உருளைக்கிழங்கு நிறுக்கிற தராசில் நிறுக்கப் போனால் விடுவோமா? எட்டுக் கிராம் ஒரு பவுன் என்பது நமக்குத் தெரியும். அதில் அரைக் கிராம் குறைந்தால்கூடச் சண்டைக்குப் போவோம். பொருள் விலை கூடியதாக இருந்தால் அளவு சின்னதாக இருக்க வேண்டும் என்பது நமக்கு நன்றாகவே தெரிகிறது. நம் உழைப்பு மட்டும் விலை குறைந்ததா?

ஆகவே நமது முதல் கோரிக்கை இது. கொழுந்து நிறுவையைக் கிலோவும் கிராமுமாக எழுத வேண்டும். குறைந்தது 100 கிராம் வரையாவது எழுத வேண்டும். தராசின் முகத்தில் சின்னக் கோடுகள் எதற்காகப் போடப்பட்டிருக்கின்றன? படிப்பதற்காகத்தான். மின்னணுத் தராசு உள்ள இடத்தில் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணும் சேர்ந்து ஏட்டில் ஏற வேண்டும். ஒவ்வொரு நிறுவையிலும் எழுத முடியாது என்றால், மூன்றையும் கூட்டிய பிறகு கடைசியில் ஒரு தடவை மட்டும் முழுக் கிலோவாக்கட்டும். மூன்று தடவை வெட்டுவதும் ஒரு தடவை வெட்டுவதும் ஒன்றல்ல.

சாக்கும் தண்ணீரும்

இரண்டாவது, கழிவு. சாக்குக்கு ஒரு கிலோ, தண்ணீருக்கு இரண்டு கிலோ என்று மொத்தமாகக் கழிக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கழிக்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சாக்கின் பாரம் கொழுந்து அல்ல. மழைத் தண்ணீரும் கொழுந்து அல்ல. நியாயமான கழிவை நாம் ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் அந்தக் கழிவையும் அளந்துதான் கழிக்க வேண்டும்.

சாக்கை வெறுமையாகத் தராசில் போட்டுப் பாருங்கள். 400 கிராம் வந்தால் 400 கிராம் கழியுங்கள். அதற்கு ஒரு கிலோ கழித்தால் தடவைக்கு 600 கிராம், மூன்று தடவைக்கு 1 கிலோ 800 கிராம் கூடுதலாகப் போகிறது.

தண்ணீர் விடயத்தில் இன்னொரு அநியாயம் ஒளிந்திருக்கிறது. எல்லோருக்கும் இரண்டு கிலோ என்றால் அது சமமாகத் தெரியும். ஆனால் 15 கிலோ கொண்டு வந்தவருக்கு இரண்டு கிலோ என்பது ஏழில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு. 6 கிலோ கொண்டு வந்தவருக்கு அது மூன்றில் ஒரு பங்கு. சரிவான மலையில், பழைய செடியில், வயதான அம்மா ஒருவர் ஆறு கிலோ கொய்கிறார். அவரிடமிருந்துதான் அதிக பங்கு போகிறது. தண்ணீர் இலையின் மேல் ஒட்டுகிறது; இலை கூடினால் தண்ணீர் கூடும், இலை குறைந்தால் தண்ணீர் குறையும். எனவே தண்ணீருக்குக் கிலோ சரியான அளவு அல்ல. நூற்று வீதம்தான் சரியான அளவு.

அந்த வீதத்தையும் அறைக்குள் இருந்து சொல்லக் கூடாது. மழை நாளில் எல்லோருக்கும் முன்னால் ஒரு கிலோ ஈரக் கொழுந்தை எடுத்து நிறுத்து, துணியில் பரப்பி மேல் தண்ணீரை ஒற்றி எடுத்து, திரும்ப நிறுத்துப் பார்க்கலாம். 900 கிராம் வந்தால் அன்றைக்குப் பத்து வீதம். வெயில் நாளில் கழிவு இல்லை. இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

மூன்றாவது, தராசு சரியா என்பது. இதைப் பார்க்க நிபுணர் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கிலோ என்ற அளவை முதலில் உண்டாக்கியபோது ஒரு லீட்டர் தண்ணீரின் பாரம் என்றுதான் உண்டாக்கினார்கள். பிறகு அதைப் பிளாட்டினம், இரிடியம் கலந்த உலோகக் கட்டியாகச் செய்து பரிசுக்குப் பக்கத்தில் வைத்துப் பாதுகாத்தார்கள். 2019 மே 20 முதல் அந்தக் கட்டியும் ஓய்வு பெற்றுவிட்டது. இயற்கையின் மாறாத எண் ஒன்றை வைத்து இப்போது கிலோவை வரையறுக்கிறார்கள். ஆனால் நம் வேலைக்குத் தண்ணீரே போதும். ஐந்து லீட்டர் கான் ஒன்றை வெறுமையாக நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். லீட்டர் படியால் சரியாக ஐந்து லீட்டர் தண்ணீர் ஊற்றித் திரும்ப நிறுங்கள். வித்தியாசம் ஐந்து கிலோவாக இருக்க வேண்டும். நாலே முக்கால் காட்டினால் தராசைச் சரிபார்க்கச் சொல்லிக் கேட்கலாம். சண்டை பிடிக்க வேண்டாம். இரண்டு தலைவிமார் சாட்சியாக நின்று, திகதி போட்டு எழுதி, தோட்ட நிர்வாகத்துக்கும் சங்க அலுவலகத்துக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். கடைத் தராசுக்கு முத்திரை வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நம் அடுப்பு எரிவதும் எரியாமல் போவதும் மடுவத்துத் தராசில்தான் தங்கியிருக்கிறது. அதிலும் முத்திரை இருக்க வேண்டும் என்பது நமது கோரிக்கை.

பேர் என்ற அலகு

உலகத்தில் வேறெங்கும் அதிகம் காணாத ஓர் அலகு நம்மிடம் இருக்கிறது. அதுதான் பேர். இன்றைக்குப் பேர் விழுந்ததா, அரைப்பேரா, இந்த மாதம் எத்தனை பேர் என்று கேட்கிறோம். பிரட்டில் பேர் கூப்பிட்ட காலத்திலிருந்து ஒரு மனிதரின் பேரே ஒரு நாள் உழைப்பின் அளவாகிவிட்டது.

இந்தப் பேரை எதனால் அளப்பது? சம்பளச் சபை மூலம் வர்த்தமானியில் வந்தது நாட் சம்பளம். 2021இல் நாளுக்கு 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா. அங்கே அலகு நாள். தோட்டத்தில் வந்ததும் அந்த நாள் கிலோவாக மாறுகிறது. இத்தனை கிலோ கொய்தால்தான் ஒரு நாள். அந்த எண் ஓரிடத்தில் 16, ஓரிடத்தில் 18, ஓரிடத்தில் 20. அதாவது நாள் என்ற அலகின் நீளம் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடுகிறது. சூரியன் எல்லா மலைக்கும் ஒரே மாதிரித்தான் உதிக்கிறது. நாள் மட்டும் ஒரு மலையில் நீளமாகவும் இன்னொரு மலையில் குட்டையாகவும் இருக்கிறது.

சம்பளம் கூடுகிறபோது நோமும் கூடினால் உண்மையில் கூடியது என்ன? பிரான்ஸ் நாட்டு நிலப்பிரபுவின் மரக்கால் கதைதான். ரூபாவைக் கூட்டிக் கொடுத்துவிட்டு, நாள் என்ற மரக்காலைப் பெரிதாக்கிக்கொள்வது.

நம் ஊவா மலைகளில் ஆடி, ஆவணியில் காய்ந்த காற்று அடிக்கிறது. அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பேர் எடுத்துத் தரும் மணம் வருகிறது. அதே காற்றில் கொழுந்து குறைகிறது. மணத்துக்குக் கிடைக்கும் விலை ஏலத்தில் போகிறது; குறைந்த கொழுந்தின் நட்டம் கூடையில் விழுகிறது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அந்த ஆண்டு நாட்டின் தேயிலை உற்பத்தி கிட்டத்தட்ட 30 கோடி கிலோ. அடுத்த ஆண்டு அது 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. நாடு முழுவதும் இவ்வளவு குறைந்தது என்றால், அது நம் கை வேகம் குறைந்ததால் அல்ல. செடியில் இல்லை. ஆகவே நோம் நிற்கிற இடத்தைப் பொறுத்து, செடியின் வயதைப் பொறுத்து, கவ்வாத்து வெட்டி எத்தனை மாதம் என்பதைப் பொறுத்து, மழையைப் பொறுத்து மாற வேண்டும். ஒவ்வொரு மலைக்கும் கூடி ஏறுகிற நோம் உண்டு என்றால், கூடி இறங்குகிற நோமும் இருக்க வேண்டும். இதைக் கதைப்பதற்கு நம் கையில் எண்கள் வேண்டும். எந்த மலை, எந்தத் திகதி, எத்தனை பேர், எத்தனை கிலோ கிராம் என்று நாமே எழுதி வைத்திருந்தால்தான் பேச்சு மேசையில் நம் வாய்க்குப் பலம்.

கடையிலும் காணியிலும்

மடுவத்துக்கு வெளியேயும் இதே கதைதான்.

பாணைப் பாருங்கள். ஒரு றாத்தல் என்பது 453 கிராமுக்குச் சற்று அதிகம். ஒரு பாண் 450 கிராம் இருக்க வேண்டும் என்று 2024 தொடக்கத்தில் வர்த்தமானி வந்தது. அதிகபட்சம் பதின்மூன்றரைக் கிராம் குறையலாம். அதாவது நானூற்று முப்பத்தாறரைக் கிராமுக்குக் கீழே போகக் கூடாது. நாம் கடையில் றாத்தல் என்று கேட்டுக்கொண்டே இருந்தால் எத்தனை கிராம் என்று கேட்கும் பழக்கம் வராது. வாயில் றாத்தல் இருக்கட்டும்; கண் தராசில் கிராமைப் பார்க்கட்டும். குறைந்தால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்குச் சொல்லலாம்.

2021இல் சமையல் எரிவாயுவுக்கு நடந்தது ஞாபகம் இருக்கும். பன்னிரண்டரைக் கிலோ சிலிண்டர் கடையில் கிடைக்காமல் போனது. அதே சிலிண்டரைப் போல ஒன்று, 18 லீட்டர் என்ற பேரோடு வந்தது. விலை 1,395 ரூபா. பழையது 1,493 ரூபா. பார்த்தவுடன் புதியது மலிவு, 18 என்ற எண்ணும் பெரிது. ஆனால் உள்ளே இருந்த வாயு 9 கிலோ 180 கிராம். கிலோவுக்குக் கணக்குப் போட்டால் பழையது 119 ரூபா, புதியது 152 ரூபா. அலகை மாற்றினால் போதும், விலையேற்றம் கண்ணுக்குத் தெரியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். இரண்டு பொருளை ஒப்பிடும்போது ஒரே அலகுக்குக் கொண்டு வந்து ஒப்பிடுங்கள். 400 கிராம் பால்மாவையும் 1 கிலோ பால்மாவையும், சின்னச் சவர்க்காரத்தையும் பெரிய சவர்க்காரத்தையும் 100 கிராமுக்கு எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுங்கள். அதற்குக் கணக்கும் வரும், வீட்டுக்குக் காசும் மிஞ்சும்.

காணிக்கு வருவோம். 7 பேர்ச்சஸ், 10 பேர்ச்சஸ் என்று பல வருடமாகக் கேட்கிறோம். 7 பேர்ச்சஸ் எவ்வளவு என்று கேட்டால் நம்மில் பலர் கையை விரித்துத்தான் காட்டுகிறோம். ஒரு பேர்ச்சஸ் 272 சதுர அடிக்குச் சற்று அதிகம். ஏழு என்றால் ஏறத்தாழ 1,906 சதுர அடி. 50 அடி நீளமும் 38 அடி அகலமும் உள்ள துண்டு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 10 அடிக்கு 12 அடி லயக் காம்பரா 16 சேர்ந்தால் இந்த அளவு வரும். ஒரு ஏக்கரில் 160 பேர்ச்சஸ். பாதைக்கும் கானுக்கும் இடம் விடாமல் கணக்குப் போட்டால் ஒரு ஏக்கரில் 22 குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் கொடுக்கலாம்.

மலைநாட்டில் இன்னொரு விடயம் கவனிக்க வேண்டும். நில அளவையாளர் காணியை மட்டமாக வைத்துத்தான் அளப்பார். சரிவில் நாடாவை நிலத்தோடு படுக்கப் போட்டு அளந்தால் கூடுதலாகக் காட்டும். முப்பது பாகைச் சரிவில் நிலத்தோடு 50 அடி பிடித்தால் வரைபடத்தில் அது 43 அடிதான். ஆகவே குச்சி அடித்துக் காட்டுவதை மட்டும் நம்பாமல், நில அளவை வரைபடத்தில் எழுதிய அளவைக் கேட்டு வாங்குங்கள். உறுதியில் பேர்ச்சஸ் எண் இருக்க வேண்டும், எல்லை இருக்க வேண்டும்.

உயிரைக் காக்கும் அளவு

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கும்போது கரண்டிக் கணக்கு வேண்டாம். சிறுவர்களுக்கான பரசிற்றமோல் பாணி போத்தலில் 5 மில்லி லீட்டருக்கு 120 மில்லி கிராம் என்று போட்டிருக்கும். தேக்கரண்டி என்றால் 5 மில்லி லீட்டர், மேசைக்கரண்டி என்றால் 15. ஒரு கரண்டி என்று சொன்னதைப் பெரிய கரண்டியில் ஊற்றினால் மூன்று மடங்கு மருந்து. பரசிற்றமோல் அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். போத்தலோடு வரும் சின்னக் கோப்பையையோ ஊசியில்லாத சிறிஞ்சையோ பாவியுங்கள். எத்தனை கரண்டி என்று கேட்காமல், எத்தனை மில்லி லீட்டர் என்று டிஸ்பென்சரியில் கேளுங்கள்.

பிறந்த பிள்ளையின் நிறையும் கிராமில்தான் தெரிய வேண்டும். 2 கிலோ 500 கிராமுக்குக் குறைந்தால் நிறை குறைந்த பிள்ளை, அதற்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும். 2,400க்கும் 2,600க்கும் இடையில் அந்தக் கோடு ஓடுகிறது. கிலோவில் மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பிள்ளையின் பதிவேட்டை மருத்துவ மாது எழுதும்போது கூட இருந்து பாருங்கள்.

கடைசியாக மழை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, நம் பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த மண்ணுக்குள் போனவர்கள் நம்மைப் போன்ற தோட்டக் குடும்பங்கள். அதன் பிறகு நாம் பலத்த மழை, அடைமழை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. மழைக்கும் அளவு உண்டு. அது மில்லி மீற்றர்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயத்தை மூன்று படியாகச் சொல்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லி மீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 பெய்தால், அபாயமான இடத்தை விட்டு வெளியேற வேண்டும். பழைய ஆட்களுக்கு அங்குலம்தான் பழக்கம் என்றால் 3 அங்குலம், 4 அங்குலம், 6 அங்குலம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்டச் சரியாக வரும்.

100 மில்லி மீற்றர் என்றால் ஒரு சாண்கூட இல்லையே என்று நினைக்காதீர்கள். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லி மீற்றர் மழை என்றால் ஒரு லீட்டர் தண்ணீர். 7 பேர்ச்சஸ் காணி 177 சதுர மீற்றர். அதில் 100 மில்லி மீற்றர் பெய்தால் 17,700 லீட்டர், அதாவது பதினேழு தொன்னுக்கும் மேலான பாரம். ஒரு வீட்டுத் துண்டுக்கு மட்டும் இவ்வளவு. மலை முழுவதற்கும் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள்.

மழைமானி வாங்கக் காசு இல்லை என்று இருக்க வேண்டாம். நேரான சுவரும் தட்டையான அடியும் உள்ள, வாயும் அடியும் ஒரே அகலமான கண்ணாடிப் பாத்திரம் போதும். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் நேராக வையுங்கள். பிள்ளையின் அடிமட்டத்தால் தண்ணீரின் உயரத்தை மில்லி மீற்றரில் பாருங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்து எழுதிவிட்டு ஊற்றிவிடுங்கள். மழை பலமாக இருக்கிற இரவில் மணிக்கொரு தடவை ஒருவர் பார்க்கட்டும். நிலம் வெடித்தால், மரம் சாய்ந்தால், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினால் மில்லி மீற்றருக்குக் காத்திருக்க வேண்டாம்; உடனே வெளியேறுங்கள். இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அது எல்லோர் வீட்டுச் சுவரிலும் இருக்கட்டும்.

தோழர்களே, ஐந்து வேலைகளை இந்த மாதமே தொடங்குவோம். ஒன்று, ஒவ்வொரு பிரிவிலும் ஒரு கொப்பி. அதில் கொழுந்து நிறுவை கிலோவும் கிராமுமாக. இரண்டு, மாதம் ஒரு தடவை தண்ணீர்க் கானால் தராசுச் சோதனை, இரண்டு சாட்சியோடு. மூன்று, சாக்கை நிறுத்துக் கழிவு, தண்ணீருக்கு வீதக் கழிவு என்று நிர்வாகத்துக்கு எழுத்து மூலக் கோரிக்கை. நான்கு, ஒவ்வொரு லயத் தொகுதியிலும் ஒரு மழைப் பாத்திரம். ஐந்து, மலைக்கு மலை நோம் கணக்கு. அதை அடுத்த மாவட்டக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.

எழுதத் தெரியாத தாய்மார் இருக்கிறார்கள் என்றால் பிள்ளைகள் எழுதட்டும். தேயிலையும் நமக்குத் தெரியும், மலையும் நமக்குத் தெரியும். அதை அளக்கிற எண்ணும் நம் கொப்பியில் இருந்தால், நம்மிடம் யாரும் கண்ணளவுக் கணக்குச் சொல்ல முடியாது.